கம்பி போனது, சூடு வந்தது

இரவு பதினொரு மணிக்குப் போனை அந்த வட்டத் தட்டின் மேல் வைக்கிறீர்கள். சின்ன விளக்கு எரிகிறது. சார்ஜ் ஏறும் குறி திரையில் தெரிகிறது. நிம்மதியாகப் படுத்துவிடுகிறீர்கள். காலையில் கிளம்பும் அவசரத்தில் எடுத்துப் பார்த்தால் 23 சதவீதம். நடு இரவில் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் யாரோ போட்ட பிறந்தநாள் வாழ்த்துக்குப் போன் அதிர்ந்து, ஒரு விரற்கடை நகர்ந்திருக்கிறது. அவ்வளவுதான் நடந்தது.

வயர்லெஸ் சார்ஜிங்கின் நல்லது கெட்டதில் பெரும்பகுதி அந்த ஒரு விரற்கடைக்குள் அடங்கிவிடும். சில நூறு ரூபாயிலிருந்து சில ஆயிரம் வரை விற்கும் இந்தத் தட்டை வாங்கலாமா, வாங்கினால் எதற்குப் பயன்படுத்துவது என்று முடிவெடுக்கும் முன், உள்ளே என்ன நடக்கிறது என்று பார்த்துவிடலாம்.

இண்டக்‌ஷன் அடுப்பின் தம்பி

1831-ல் மைக்கேல் ஃபாரடே கண்டறிந்த மின்காந்தத் தூண்டல்தான் இதற்கு அடிப்படை. ஒரு கம்பிச்சுருளில் மாறிக்கொண்டே இருக்கும் மின்சாரம் ஓடினால், அதைச் சுற்றியுள்ள காந்தப்புலமும் மாறிக்கொண்டே இருக்கும். பக்கத்தில் இன்னொரு சுருளை வைத்தால் அதிலும் மின்சாரம் தோன்றும். தெருமுனை டிரான்ஸ்ஃபார்மரில் நடப்பதும் இதுவே. அங்கே இரண்டு சுருள்களும் ஓர் இரும்புச் சட்டத்தில் இறுகச் சுற்றப்பட்டிருக்கும். இங்கே ஒரு சுருள் தட்டுக்குள், இன்னொன்று போனின் முதுகுக்குள். நடுவே சில மில்லிமீட்டர் இடைவெளி.

வீட்டு மின்சாரம் நொடிக்கு 50 முறை முன்னும் பின்னுமாக மாறி ஓடுகிறது. தட்டுக்குள் இருக்கும் சுற்று அதை நொடிக்கு ஒரு லட்சம் முறைக்கு மேல் மாறும்படி ஆக்குகிறது. போனில் உள்ள சுருள் அந்தக் காந்தப்புலத்தை வாங்கி, மறுபடி நேர்மின்னோட்டமாக்கி பேட்டரிக்கு அனுப்புகிறது. ‘இன்னும் கொடு’, ‘போதும்’ என்று போன் தட்டுக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும்.

சமையலறை இண்டக்‌ஷன் அடுப்பும் இதே குடும்பம்தான். அங்கே சூடாவது பாத்திரம். தட்டுக்கும் போனுக்கும் நடுவே ஒரு நாணயமோ சாவியோ மாட்டிக்கொண்டால் அதுவும் அந்தப் பாத்திரம் மாதிரியே சூடாகும். அதனால்தான் நல்ல சார்ஜர்களில் அன்னியப் பொருளைக் கண்டுபிடித்து நிறுத்திக்கொள்ளும் ஏற்பாடு இருக்கிறது. மலிவுச் சரக்கில் அது சரியாக இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

டெஸ்லா கோபுரம் முதல் ‘ச்சீ’ வரை

கம்பியே இல்லாமல் மின்சாரத்தை ஊர் ஊராக அனுப்பலாம் என்று நிக்கோலா டெஸ்லா கனவு கண்டார். நியூயார்க் அருகே லாங் ஐலண்டில் 1901-ல் வார்டன்கிளிஃப் கோபுரத்தைக் கட்டத் தொடங்கினார். பணம் தீர்ந்தது, வேலை நின்றது, 1917-ல் கோபுரமே இடிக்கப்பட்டது. அந்தப் பெரிய கனவில் நம் வீட்டுக்கு வந்து சேர்ந்தது சில மில்லிமீட்டர் தூரம்தான். முதலில் அது மின்சார பல்துலக்கிக்கு உதவியது. தண்ணீர் புழங்கும் குளியலறையில் பிளக் துளை இல்லாமலே சார்ஜ் ஏற்ற முடிந்தது பெரிய நன்மை.

2008-ல் வயர்லெஸ் பவர் கன்சார்ட்டியம் என்ற கூட்டமைப்பு உருவாகி, எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான ஒரு தரத்தை வகுத்தது. ஆங்கிலத்தில் Qi என்று எழுதும் அதன் பெயரைச் சரியாக உச்சரித்தால் ‘ச்சீ’. முகம் சுளிக்க வேண்டாம், சீன மொழியில் உயிராற்றல் என்று பொருள். 2009-ல் பாம் பிரீ போன் தனக்கென ஒரு காந்தத் தட்டோடு வந்தது. 2012-ல் நோக்கியா லூமியா 920 ‘ச்சீ’ தரத்தை ஏற்றது. 2017-ல் ஆப்பிள் ஐபோன் 8, ஐபோன் 10 மாடல்களில் சேர்த்த பிறகுதான் இது பரவலானது. அதே ஆண்டு, மூன்று கருவிகளை எங்கே வைத்தாலும் சார்ஜ் ஏற்றும் ‘ஏர்பவர்’ பாயை ஆப்பிள் அறிவித்தது. 2019 மார்ச்சில், எதிர்பார்த்த தரத்துக்கு வரவில்லை என்று சொல்லிக் கைவிட்டது. ‘எங்கே வேண்டுமானாலும் வை’ என்பது அவ்வளவு பெரிய நிறுவனத்துக்கும் எட்டவில்லை.

பிறகு வழி மாறியது. நகர்ந்தாலும் பரவாயில்லை என்பதற்குப் பதிலாக, நகரவே விடாதே என்று முடிவு செய்தார்கள். 2020-ல் ஐபோன் 12-ல் சுருளைச் சுற்றி ஒரு காந்த வளையம் வந்தது. பெயர் மேக்சேஃப். அதை ஒட்டி 2023-ல் ‘ச்சீ2’ என்ற புதிய பொதுத்தரம் உருவானது. போன் தட்டில் ‘டக்’கென்று ஒட்டும்போது இரண்டு சுருள்களும் நேருக்கு நேர் உட்கார்ந்துவிடுகின்றன. ஆரம்பத்தில் சொன்ன அந்த ஒரு விரற்கடைக்குக் கிடைத்த மருந்து இதுதான்.

என்ன லாபம்?

முதல் லாபம், சார்ஜிங் பின். ஊரில் எந்த மொபைல் சர்வீஸ் கடையில் நின்றாலும் கொஞ்ச நேரத்தில் ஒருவர் வந்து, “சார்ஜ் ஏற மாட்டேங்குது, வயரை ஒரு பக்கமா அழுத்திப் பிடிச்சாத்தான் ஏறுது” என்பார். கடைக்காரர் ஊசியால் நோண்டினால் பாக்கெட்டில் சேர்ந்த பஞ்சு சின்ன உருண்டையாக வெளியே வரும். பஞ்சு இல்லையென்றால் பின் தேய்ந்திருக்கும். டைப்-சி இணைப்பு சுமார் 10,000 முறை செருகி எடுக்கும் அளவுக்கு வடிவமைக்கப்பட்டதுதான். ஆனால் படுத்துக்கொண்டு, வயரை வளைத்து, வயிற்றில் முட்டுக்கொடுத்துப் படம் பார்ப்போருக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. தட்டில் தேய்வதற்கு ஒன்றுமில்லை.

இரண்டாவது லாபம் மழைக்காலத்தில் தெரியும். நனைந்த போனில் வயரைச் செருகினால் துளையில் ஈரம் இருப்பதாக எச்சரித்து சார்ஜ் ஏற மறுக்கும் போன்கள் உண்டு. முதுகைத் துடைத்துவிட்டுத் தட்டில் வைத்தால் வேலை நடக்கும். கண் மங்கிய, கை நடுங்கும் பெரியவர்கள் இருக்கும் வீட்டில் இதன் அருமை இன்னும் புரியும். சின்னத் துளையைத் தேடிச் செருகுவது அவர்களுக்குத் தினமும் ஒரு சோதனை.

காரில் ஏறி இறங்கும்போதும், மேசையில் அடிக்கடி போனை எடுத்து வைக்கும்போதும் கொஞ்சம் கொஞ்சமாகச் சார்ஜ் ஏற்றிக்கொள்ள இது தோது. ஒரே தட்டில் ஐபோனும் ஏறும், ‘ச்சீ’ ஏற்கும் ஆண்ட்ராய்டும் ஏறும். பேருந்து நிலையத்திலும் விமான நிலையத்திலும் உள்ள யூஎஸ்பி துளைகளில் மின்சாரத்தோடு தகவலும் போய்வர வழி இருக்கிறது. தட்டில் அந்த வயரே இல்லை.

என்ன நஷ்டம்?

முதல் சந்தேகம் கரண்ட் பில். 2020-ல் ஒன்ஜீரோ என்ற அமெரிக்க இணைய இதழ் பிக்சல் 4 போனை வைத்து அளந்து பார்த்தது. காலியான பேட்டரியை நிரப்ப வயரில் சராசரியாக 14.26 வாட்-மணி மின்சாரம் செலவானது. தட்டில் 21.01 வாட்-மணி. கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு.

கேட்கப் பயமாக இருக்கும், ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு தடவைக்குக் கூடுதல் செலவு சுமார் 7 வாட்-மணி. தினமும் முழுதாக ஏற்றினாலும் ஆண்டுக்கு இரண்டரை யூனிட். யூனிட் 8 ரூபாய் என்று வைத்தாலும் 20 ரூபாய். இரண்டு டீ காசு. உலகமே தட்டுக்கு மாறினால் அது பெரிய தொகைதான். உங்கள் வீட்டு பில்லில் தெரியாது.

அந்த 7 வாட்-மணி எங்கே போனது என்பதுதான் கவனிக்க வேண்டிய கேள்வி. மாயமாகவில்லை. தட்டிலும் போனிலும் சூடாக மாறியது. லிதியம் அயனி பேட்டரிக்குச் சூடு பெரும் பகை. சூடு கூடக்கூட உள்ளே வேதிப்பொருட்கள் சீக்கிரம் சிதைந்து, பேட்டரி கொள்ளும் அளவு குறைந்துகொண்டே வரும். வாங்கிய புதிதில் ஒரு நாள் முழுக்க நின்ற சார்ஜ், கொஞ்ச காலத்தில் மதியத்தோடு இறங்குவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இங்கிலாந்தின் வாரிக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019-ல் இதை அளந்தார்கள். வயரில் சார்ஜ் ஏறிய போனின் சராசரி வெப்பம் 27 டிகிரி செல்சியஸைத் தாண்டவில்லை. தட்டில் சரியாக வைத்த போன் 30.5 டிகிரியைத் தொட்டு, பிறகு மெல்லத் தணிந்தது. சற்று விலகி வைத்த போனும் அதே வெப்பத்தைத்தான் தொட்டது, ஆனால் சீக்கிரமே. அந்தச் சூட்டில் சரியாக வைத்த போன் 55 நிமிடம் இருந்தது. விலகி வைத்தது 125 நிமிடம். மறுபடியும் அதே விரற்கடை.

இதில் நமக்கென்று ஒரு கவலை இருக்கிறது. போனே 27 டிகிரியைத் தாண்டவில்லை என்றால் அந்த ஆய்வறை அதைவிடக் குளிர்ச்சியாக இருந்திருக்க வேண்டும். கத்திரி வெயிலில் வெளியே 40 டிகிரியைத் தாண்டும் வேலூரிலோ, ஏசி இல்லாத சென்னை அறையிலோ கதை வேறு. அந்தக் கூடுதல் சூடு ஏற்கெனவே கொதிக்கும் அறையின் மேல் ஏறும். ஐபோனை 35 டிகிரிக்கு மேற்பட்ட இடத்தில் பயன்படுத்த வேண்டாம் என்கிறது ஆப்பிள். அதிகம் சூடானால் 80 சதவீதத்தோடு போன் தானே சார்ஜை நிறுத்தி வைக்கவும் கூடும். ‘ராத்திரி முழுக்க வைத்தும் நிறையவில்லை’ என்ற புகாருக்குப் பல சமயம் சார்ஜர் பழுது காரணமல்ல. போன் தன்னைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது.

வேகமும் சூட்டோடு கட்டுண்டதுதான். ‘ச்சீ’ 5 வாட்டில் தொடங்கியது. ‘ச்சீ2’ 15 வாட், அதன் 2025-ம் ஆண்டுப் பதிப்பு 25 வாட். நடுத்தர விலை ஆண்ட்ராய்டுகளில்கூட வயர் 67 வாட், 80 வாட் என்று பாய்கிறது. 50 வாட் தரும் வயர்லெஸ் சார்ஜர்களும் உண்டு, ஆனால் தணிக்க உள்ளே மின்விசிறி வேண்டியிருக்கிறது. அவை பெரும்பாலும் சொந்த நிறுவனப் போனுக்கு மட்டுமே அந்த வேகத்தைக் கொடுக்கும்.

கணக்கில் வராத இன்னொரு செலவு, கண்ணாடி முதுகு. காந்தப்புலம் உலோக முதுகைக் கடக்காது. ஐபோன் 7 வரை அலுமினியமாக இருந்த முதுகு ஐபோன் 8-ல் கண்ணாடியாக மாறியதற்கு இதுவும் காரணம். கை தவறினால் முன்பக்கம் மட்டுமல்ல, பின்பக்கமும் உடையும்.

பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். போனை 15 சென்டிமீட்டருக்கு அப்பால் வைக்கவும், வயர்லெஸ்ஸில் சார்ஜ் ஏறும்போது 30 சென்டிமீட்டருக்கு அப்பால் வைக்கவும் ஆப்பிள் அறிவுறுத்துகிறது. தலையணைப் பக்கத்தில் தட்டை வைக்கும் முன் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

வாங்குவதானால்

உங்கள் போனில் இந்த வசதி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். விலை குறைந்த பெரும்பாலான மாடல்களில் கிடையாது. போனில் காந்த வளையம் இருந்தால் ‘ச்சீ2’ சான்று பெற்ற தட்டையே வாங்குங்கள். அடாப்டர் பல பெட்டிகளில் தனியாகத்தான் விற்கிறார்கள். பழைய 5 வாட் அடாப்டரைச் செருகிவிட்டு 15 வாட் வரவில்லை என்று கடைக்காரரிடம் சண்டை போட்டுப் பயனில்லை. தடித்த ரப்பர் உறை, உலோக மோதிரப் பிடி, உறைக்குள் சொருகிய ஏடிஎம் கார்டு எல்லாவற்றையும் எடுத்துவிட்டு வையுங்கள். மெத்தை, தலையணை, வெயில் படும் ஜன்னல் ஓரம் வேண்டாம். மின்விசிறிக் காற்று படும் மேசை போதும்.

வயர்லெஸ் சார்ஜர் வயருக்கு மாற்று அல்ல, துணை. மேசையிலும் காரிலும் ஏசி அறையிலும் தாராளமாகப் பயன்படுத்தலாம். அவசரமாக ஏற வேண்டும் என்றாலோ அறை கொதிக்கிறது என்றாலோ வயரே சரி. சந்தேகமிருந்தால் ஒரு எளிய சோதனை. தட்டில் அரைமணி நேரம் வைத்துவிட்டுப் போனின் முதுகைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் இருக்கட்டும். கை எடுக்கத் தோன்றினால் போனையும் எடுத்துவிடுங்கள்.