சுண்டல் கடலையில் ஒரு குக்கீ டோ டிப்

அமெரிக்க இனிப்புக் குறிப்புகளில் ஒரு பத்துப் பதினைந்து வருடமாகச் சுற்றிக்கொண்டிருக்கும் அயிட்டம் ஒன்று உண்டு. வெந்த கொண்டைக்கடலையை நட் பட்டர், ஏதாவது ஒரு சர்க்கரை, வெனிலா, உப்பு சேர்த்து நைசாக அரைத்து, மேலே சாக்லேட் துண்டுகளைக் கலந்து, ஆப்பிள் துண்டால் தொட்டுச் சாப்பிடுவது. பேர் 'குக்கீ டோ டிப்'. ஓவன் வேண்டாம், முட்டை வேண்டாம், மைதா வேண்டாம். கேட்டவுடனே "கடலையில ஸ்வீட்டா?" என்று அவர்கள் ஊரில் முகம் சுளிப்பார்கள். நமக்கு அந்தப் பிரச்சினை இல்லை. கடலைப்பருப்பு பூரணத்தைப் போளிக்குள்ளும் கொழுக்கட்டைக்குள்ளும் வைத்துத் தலைமுறை தலைமுறையாகச் சாப்பிட்டு வருகிறோம். ஜப்பான்காரர்களின் சிவப்பு பீன்ஸ் விழுதும் இதே ஜாதிதான். பருப்பு என்றால் காரம்தான் என்பது உலகத்தின் பாதிப் பேருக்கு மட்டுமே உள்ள பழக்கம்.

எனக்கு இதில் ஆர்வம் வந்தது ருசியால் இல்லை, அந்த 'ஹெல்தி' என்ற வார்த்தையால்தான். எதைவிட ஹெல்தி? எவ்வளவு ஹெல்தி? அப்புறம், கடலை எப்படி வெண்ணெய் போல ஆகிறது? இந்த மூன்றையும் தோண்டிப் பார்த்ததில் கிடைத்ததைத்தான் எழுதுகிறேன். செய்முறையும் உள்ளே வரும்.

முதலில், இது எதற்கு மாற்று என்று தெரிய வேண்டும். குக்கீ டோ என்பது பிஸ்கட் சுடுவதற்கு முன் பிசைந்து வைக்கும் மாவு. வெண்ணெய், பழுப்புச் சர்க்கரை, மைதா, முட்டை, சாக்லேட். அதைச் சுடாமலே வழித்துச் சாப்பிடுவது அமெரிக்கக் குழந்தைகளுக்கு, நம் வீட்டில் அம்மா ஊற்றிய தோசை மாவை விட்டுவிட்டு வடை மாவைக் கிள்ளித் தின்பது மாதிரி ஒரு திருட்டு சந்தோஷம். பென் அண்ட் ஜெரிஸ் நிறுவனம் 1991-இல் அந்த மாவுத் துண்டுகளையே ஐஸ்கிரீமில் போட்டு டப்பாவில் விற்க ஆரம்பித்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

பச்சை முட்டை ஆபத்து என்று எல்லாருக்கும் தெரியும். பச்சை மாவும் ஆபத்து என்பது பலருக்குத் தெரியாது. 2009-இல் அமெரிக்காவில் பாக்கெட்டில் விற்ற குக்கீ மாவைச் சாப்பிட்டு 30 மாநிலங்களில் 70 பேருக்கு மேல் ஈ.கோலை தொற்றுக்கு ஆளானார்கள். அப்போது சந்தேகம் மைதா மீது விழுந்தது, ஆனால் உறுதியாக நிரூபிக்க முடியவில்லை. 2016-இல் சந்தேகத்துக்கே இடமில்லாமல் போனது: 24 மாநிலங்களில் 63 பேர், காரணம் கோதுமை மாவு. யோசித்தால் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. கோதுமை வயலில் விளைகிறது, அங்கே மாடும் மானும் பறவையும் நடமாடும், அரைவை மில்லில் கிருமியைக் கொல்லும் சூடு எதுவும் கிடையாது. பாக்கெட்டில் பளபளவென்று வெள்ளையாக வந்தாலும் அது பச்சை விளைபொருள்தான். "வாணலியில் வறுத்துவிட்டால் போச்சு" என்று சிலர் சொல்வார்கள். உலர்ந்த மாவில் கிருமி சூட்டைத் தாங்கும், வீட்டில் வறுப்பதை நம்பக்கூடாது என்பதுதான் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் நிலைப்பாடு.

ஆக, கடலை டிப்புக்கு முதல் நியாயம் கலோரி இல்லை, இதுதான். அதில் உள்ள முக்கியப் பொருள் ஏற்கெனவே நன்றாக வெந்தது.

இங்கேதான் இன்னொரு குழப்பத்தையும் தெளிவுபடுத்திவிட வேண்டும். 'நோ பேக்' என்றால் ஓவனில் சுட வேண்டாம் என்று அர்த்தம். வேகவைக்க வேண்டாம் என்று அர்த்தமில்லை. அமெரிக்கக் குறிப்புகளில் "ஒரு டின் பீன்ஸ்" என்று ஒரே வரியில் போய்விடும், ஏனென்றால் டின்னில் இருப்பது ஏற்கெனவே வெந்தது. டின் கிடைக்காத ஊரில் இருந்து படிப்பவர், ஊறவைத்தாலே போதும் என்று எடுத்துக்கொள்ள வாய்ப்பிருக்கிறது. கொண்டைக்கடலையில் அப்படிச் செய்தால் டிப் மணல் மணலாக இருக்கும், வயிறு உப்பும். ஆனால் இதே டிப்பை ராஜ்மாவிலோ, பிரவுனி டிப் என்று கறுப்பு பீன்ஸிலோ செய்கிறவர்கள் உண்டு. அங்கே கதை வேறு. ராஜ்மாவில் ஃபைட்டோஹீமக்ளூட்டினின் என்று ஒரு புரதம் இருக்கிறது. பச்சையாக நாலைந்து பீன்ஸ் தின்றாலே ஒன்றிலிருந்து மூன்று மணி நேரத்துக்குள் கடுமையான வாந்தி, பிறகு பேதி. நன்றாகக் கொதித்தால் அது செயலிழந்துவிடும். அரைகுறைச் சூட்டில் வைத்தால் நிலைமை இன்னும் மோசம்: 80 டிகிரி அளவில் மெதுவாகச் சூடாக்கிய பீன்ஸில் நச்சுத்தன்மை பச்சை பீன்ஸைவிட அஞ்சு மடங்கு வரை கூடலாம். அதனால் ஸ்லோ குக்கரில் ராஜ்மாவை நேரடியாகப் போடாதீர்கள். அஞ்சு மணி நேரமாவது ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் அரை மணி நேரம் தளதளவென்று கொதிக்கவிட வேண்டும். நம் பிரஷர் குக்கர் இந்த வேலையை இன்னும் நன்றாகவே செய்யும்.

சரி, கடலைக்கு வருவோம்.

வெந்த கடலை ஏன் கிரீம் மாதிரி அரைபடுகிறது? கடலைப் பருப்பு முழுக்கக் குட்டிக் குட்டிப் பைகளால் ஆனது. ஒவ்வொரு பையும் ஒரு செல், உள்ளே மாவுச்சத்து. பைகளை ஒன்றோடொன்று ஒட்டிவைத்திருக்கும் பசைக்குப் பெக்டின் என்று பெயர். ஜாம் இறுகக் காரணமான அதே பெக்டின். நன்றாக வேகும்போது இந்தப் பசை கரைந்துவிடும். அப்புறம் மிக்சியில் ஓட்டினால் பைகள் பெரும்பாலும் உடைவதில்லை, தனித்தனியாகப் பிரிந்துவிடுகின்றன. பிரிந்த பை மெத்தென்று இருக்கும், நாக்குக்கு வழவழப்பாகத் தெரியும். வேக்காடு போதாவிட்டால் பசை கரையாது. பத்து இருபது பைகள் கொத்தாகவே அரைபடும், அந்தக் கொத்துதான் நாக்கில் நறநற. எவ்வளவு விலை உயர்ந்த மிக்சி வைத்திருந்தாலும் இதைச் சரிசெய்ய முடியாது. சுண்டலுக்கு முழுசாக நிற்கிற பதம் வேண்டும், இதற்கு அது பத்தாது. இரண்டு விரலால் நசுக்கினால் நடுவில் ஒரு துளி கெட்டி இல்லாமல் கூழாக வேண்டும்.

பெக்டினுக்கு இரண்டு விஷயம் முக்கியம். கால்சியம், மெக்னீசியம் அதிகமுள்ள தண்ணீர் அதைக் கெட்டிப்படுத்தும். சென்னையில் போர் தண்ணீரில் பருப்பு வேகவே மாட்டேன் என்று அடம்பிடிப்பது இதனால்தான், குக்கர் மேல் கோபப்பட்டுப் பிரயோஜனமில்லை. இந்த ஒரு சமையலுக்காவது குடிதண்ணீரைப் பயன்படுத்துங்கள். இரண்டாவது, சமையல் சோடா. காரத்தன்மையில் பெக்டின் சீக்கிரம் கரையும், அதனால் ஊறவைக்கும் தண்ணீரில் கால் ஸ்பூன் போடலாம். கூடப் போட்டால் சோப்பு வாடை அடிக்கும், அலசிவிட வேண்டும்.

தோல் விஷயத்தில் இரண்டு கட்சி. "சத்தெல்லாம் தோலில்தான்" என்று ஒரு கட்சி, "உரித்தால்தான் பட்டு மாதிரி வரும்" என்று இன்னொன்று. ஒரே நாளில் பாதியை உரித்தும் பாதியை உரிக்காமலும் அரைத்து, எது எது என்று சொல்லாமல் வீட்டில் கொடுத்துப் பார்த்தேன். சூடாக அரைத்தபோது வித்தியாசம் தெரிந்தது, ஆனால் சாக்லேட் கலந்தபிறகு யாரும் கண்டுகொள்ளவில்லை. தோலில் இருப்பது நார்ச்சத்து, அதைத் தூக்கிப்போட்டுவிட்டு ஹெல்தி என்று பேசுவது எனக்குச் சரியாகப் படவில்லை. விருந்துக்கு என்றால் உரியுங்கள். வெந்ததும் தண்ணீரில் போட்டுக் கையால் அலசினாலே முக்கால்வாசி மிதந்து வந்துவிடும்.

இனி அளவு. காய்ந்த வெள்ளைக் கொண்டைக்கடலை 120 கிராம். பத்து மணி நேரம் ஊறியபின், தண்ணீரைக் கொட்டி, அலசி, புதுத் தண்ணீரில் அஞ்சாறு விசில் விட்டு, மேலும் பத்து நிமிடம் சிம்மில். ஊறிய தண்ணீரைக் கொட்டுவதற்குக் காரணம் உண்டு. வாயு உண்டாக்கும் ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ் என்ற சர்க்கரைகளில் ஒரு பகுதி அதோடு போய்விடும். வெந்தால் 250 கிராமுக்குக் கொஞ்சம் கூடவே இருக்கும், 250 எடுத்துக்கொள்ளுங்கள். தண்ணீரை நன்றாக வடித்துவிட்டு, வெதுவெதுப்பாக இருக்கும்போதே அரைக்க வேண்டும். ஆறினால் மாவுச்சத்து இறுகி, அரைப்பது கஷ்டம்.

இதோடு 60 கிராம் வேர்க்கடலை வெண்ணெய், 60 கிராம் பொடித்த வெல்லம் அல்லது நாட்டுச்சர்க்கரை, ஒரு ஸ்பூன் வெனிலா எசன்ஸ், கால் ஸ்பூன் உப்பு, மூன்று மேஜைக்கரண்டி பால். பாலைக் கொதிக்கக் கொதிக்க ஊற்றாதீர்கள், வெல்லத்தோடு சேர்ந்தால் திரிந்துபோகும். சின்ன ஜாரில் விட்டு விட்டு ஓட்டி, ஓரத்தை வழித்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள். உப்பைக் குறைக்க வேண்டாம். கடலையின் பச்சை வாடையை அமுக்குவது உப்பும் வெனிலாவும்தான்.

அமெரிக்கக் குறிப்பில் பழுப்புச் சர்க்கரை என்று வரும் இடத்தில் வெல்லம் போடுவது வெறும் சமாளிப்பு இல்லை. பழுப்புச் சர்க்கரையின் வாசம் அதில் ஒட்டியிருக்கும் கரும்புப் பாகிலிருந்து வருகிறது, வெல்லத்தில் அதே கரும்பு வாசம் தாராளமாகவே இருக்கிறது. மாவுத்தன்மைக்காக அவர்கள் ஓட்ஸ் பொடி சேர்ப்பார்கள். நான் இரண்டு மேஜைக்கரண்டி பொட்டுக்கடலை மாவு சேர்க்கிறேன். அது ஏற்கெனவே வறுத்தது, மாலாடுக்கு அப்படியே போடுகிறோம், இனமும் கொண்டைக்கடலைதான். குக்கீ மாவின் அந்த லேசான மாவு ருசி இதில் அச்சாக வந்துவிடுகிறது. கடைசியில், முழுசாக ஆறியபின் 40 கிராம் டார்க் சாக்லேட்டைப் பொடியாக நறுக்கிக் கலந்துவிடுங்கள். சூட்டில் கலந்தால் உருகி எல்லாம் ஒரே பழுப்பு நிறமாகிவிடும். வேர்க்கடலை ஒவ்வாமை உள்ளவர்கள் இருந்தால் எள் விழுது போடலாம், லேசான கசப்பு தெரியும். எள்ளும் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது, கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

இப்போது கணக்கு. பொதுவான உணவுச்சத்து அட்டவணைகளை வைத்துக் கூட்டினால், மேலே சொன்ன மொத்தமும் சுமார் 470 கிராம், 1320 கலோரி. அதாவது 100 கிராமுக்கு 280 கலோரி, 9 கிராம் புரதம், 6 கிராம் நார்ச்சத்து. கடை குக்கீ மாவு 100 கிராமுக்கு 450 கலோரி பக்கம் வரும், நார்ச்சத்து பேருக்குத்தான். புரதமும் நாரும் இங்கே நிஜமாகவே அதிகம். இதுவரை நல்ல செய்தி.

சர்க்கரைதான் உறுத்துகிறது. வெல்லமும் சாக்லேட்டும் சேர்ந்து சுமார் 65 கிராம் சர்க்கரை, 100 கிராம் டிப்புக்கு 14 கிராம். உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைய சக்தியில் 10 சதவீதத்துக்குள் சேர்க்கப்பட்ட சர்க்கரை இருக்கட்டும், 5 சதவீதத்துக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்கிறது. 2000 கலோரி சாப்பிடுகிறவருக்கு அது 50 கிராம், 25 கிராம். ஒரு கிண்ணம் டிப் முடித்தால் அந்த 25-இல் பாதிக்கு மேல் தீர்ந்தது. இரண்டு மேஜைக்கரண்டியோடு நிறுத்தினால் 4, 5 கிராம்தான். எல்லாம் கிண்ணத்தின் அளவைப் பொறுத்தது, அதை எந்தக் குறிப்பும் தலைப்பில் போடுவதில்லை.

"வெல்லம்தானே, சர்க்கரை இல்லையே" என்று நீரிழிவு உள்ளவர்களுக்கு எடுத்துக் கொடுப்பதைப் பல வீடுகளில் பார்க்கிறேன், அதற்காகவே இந்தப் பத்தி. வெல்லத்தில் பெரும்பகுதி சுக்ரோஸ்தான். இரும்பு, தாது என்று சொல்வதெல்லாம் 60 கிராமில் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. பேரீச்சம்பழத்தைப் போட்டு 'சர்க்கரை இல்லாதது' என்று எழுதுகிறார்கள், அந்தப் பழத்தில் 100 கிராமுக்கு 60 கிராமுக்கு மேல் சர்க்கரை. கூடவே நார் வருகிறது என்பது உண்மை, சர்க்கரை இல்லை என்பது பொய். வேகவைத்த கொண்டைக்கடலை ரத்தச் சர்க்கரையை மெதுவாக ஏற்றும், மாவுச்சத்து அந்தச் செல் பைகளுக்குள் அடைந்திருப்பது அதற்கு ஒரு காரணம். ஆனால் வெல்லத்துக்கு எந்தப் பையும் கிடையாது. வெல்லத்தை 30 கிராமாகக் குறைத்து, நன்றாகப் பழுத்த வாழைப்பழம் பாதி சேர்த்தும் செய்து பார்த்தேன். இனிப்பு போதுமானதாகவே இருந்தது, வாழைப்பழ வாசம் மட்டும் தூக்கலாக இருந்தது. வெனிலாவைக் கொஞ்சம் கூட்டினால் சமாளிக்கலாம். நீரிழிவு உள்ளவர்களுக்கு இதுவும் இனிப்புதான், அளவோடு.

எதில் தொட்டுச் சாப்பிடுகிறோம் என்பதும் கணக்கில் சேரும். ஆப்பிள், பேரிக்காய், கெட்டியான கொய்யா நல்ல ஜோடி. மேரி பிஸ்கட்டில் தொட்டால் பிஸ்கட்தான் அதிகம் போகும்.

ஈரமும் புரதமும் உள்ள பண்டம் என்பதால் வெளியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்க வேண்டாம், நம் வெயிலுக்கு ஒரு மணி நேரமே அதிகம். ஃப்ரிட்ஜில் மூடிவைத்தால் நாலு நாள் தாங்கும். மறுநாள் எடுக்கும்போது இறுகியிருக்கும், ஒரு ஸ்பூன் பால் விட்டுக் கிளறினால் பழைய பதம் வரும். இல்லையென்றால் அப்படியே எலுமிச்சை அளவு உருட்டி, பொட்டுக்கடலை மாவில் புரட்டி வைத்துவிடுங்கள். எங்கள் வீட்டில் டிப்பைவிட அந்த உருண்டைதான் சீக்கிரம் காலியாகிறது.