பழைய படத்தில் ஒரு தொப்பி: அது எந்தப் படை?

நாவிதன்வெளிப் பக்கம் பழைய படங்களை முழுதாக வைத்திருக்கும் வீடுகள் குறைவு. 1978 சூறாவளி கொஞ்சத்தைக் கொண்டுபோனது. வெள்ளங்கள் கொஞ்சம். 1990 இல் பயத்தில் எரித்தவர்களும் உண்டு, பொலித்தீனில் சுற்றிப் புதைத்தவர்களும் உண்டு. தப்பிய படங்களுடன் வருபவர்கள் என்னிடம் கேட்பது அநேகமாக ஒரே கேள்விதான்: "தம்பி, இந்தத் தொப்பி போட்டவன் எந்த ஆமி?"

காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையின் கடைசிப் படமாக அது இருக்கலாம். பின்னால் நிற்கும் சிப்பாய் யாரென்று தெரிந்தால், படம் எடுத்த காலம் தெரியும். காலம் தெரிந்தால், அன்று வரை பிள்ளை உயிரோடு இருந்தான் என்று சொல்ல ஓர் ஆதாரம் கிடைக்கும்.

இலகுவானது தலைப்பாகை. நம் பகுதியில் எடுத்த படத்தில் சீருடையோடு ஒரு சீக்கியர் நின்றால், அது இந்திய அமைதிகாக்கும் படையின் காலம். 1987 யூலை 29 ஒப்பந்தத்துக்குப் பிறகு வந்த அந்தப் படை, 1989 இன் கடைசி மாதங்களில் அம்பாறையை விட்டுப் போனது. முழு இலங்கையையும் விட்டது 1990 மார்ச்சில். ஆகவே அந்தப் படம் 1990 யூனுக்கு முந்தியது. ஆனால் தலைப்பாகையை வைத்து 'சீக்கிய றெஜிமென்ட்' என்று எழுதிவிடக்கூடாது. பீரங்கிப் படையிலும் சமிக்ஞைப் பிரிவிலும் பொறியியல் பிரிவிலும் சீக்கியர் இருந்தார்கள். மற்றவர்களின் பெரே தொப்பி என்ன நிறமோ, அதே நிறத்தில் அவர்கள் தலைப்பாகை கட்டுவார்கள்: கவசப் படையில் கறுப்பு, பரசூட் படையில் கருஞ்சிவப்பு.

அகன்ற விளிம்புள்ள கம்பளித் தொப்பி, வலப்பக்கம் நன்றாகச் சரிந்து, வார் கீழுதட்டுக்குக் கீழே கிடந்தால் அது கூர்க்காத் தொப்பி. நம்மவர்கள் சிலர் இதைப் பார்த்ததும் 'வெள்ளைக்கார ஆமி' என்பார்கள். இந்திய வடகிழக்கு மலைப்பகுதிப் பிரிவுகள் சிலவும் இதைப் போன்றதை அணிவதால், முகத்தை மட்டும் பார்த்து முடிவெடுக்கவும் முடியாது. மதராஸ் றெஜிமென்ட் சிப்பாயை முறையான சீருடையில் கண்டால், தொப்பியில் சின்னத்தோடு ஒரு கறுப்புக் குஞ்சம் இருக்கும். தமிழ் பேசிய சிப்பாய்களைப் பற்றி இன்றும் கதைக்கும் பெரியவர்களிடம் அந்தக் குஞ்சத்தைக் காட்டிக் கேட்டால் ஞாபகம் வேகமாகத் திரும்புகிறது.

கருஞ்சிவப்புப் பெரேதான் குழப்பம். இந்தியப் பரசூட் படையும் இலங்கை இராணுவக் கொமாண்டோக்களும் அதையே அணிகிறார்கள். கறுப்பு வெள்ளைப் படத்தில் அது வெறும் கடும் நிறம், கறுப்பா சிவப்பா என்றே பிரிக்க முடியாது. அங்கே சின்னத்தைத்தான் பார்க்க வேண்டும். படத்தைப் பெரிதாக்கி ஸ்கான் எடுத்தால் சின்னத்தின் வெளிக்கோடாவது தெரியும்.

ஒரு சோதனையைக் கட்டாயம் செய்யுங்கள். இரு நாட்டுப் படைகளிலும் பெரே வலப்பக்கம் இழுக்கப்பட்டு, சின்னம் இடது கண்ணுக்கு மேலே வரும். படத்தில் அது வலது கண்ணுக்கு மேலே இருந்தால், நெகட்டிவைப் புரட்டிப் போட்டு அச்சடித்திருக்கலாம். பக்கத்தில் நிற்கும் ஆணின் சட்டையைப் பாருங்கள்: பொத்தான்கள் அணிந்தவரின் வலப்பக்கத்தில் தைக்கப்பட்டு, இடப்பக்கத் துணி மேலே வர வேண்டும். அதுவும் மாறியிருந்தால் படம் புரண்டதுதான். வழக்கில் வலக்கைத் தழும்பு, இடக்கன்ன மச்சம் என்று அடையாளம் சொல்லும் குடும்பத்துக்கு இது சின்ன விசயமல்ல.

விளிம்பு தொங்கும் காட்டுத் தொப்பியை நான் ஆதாரமாக எடுப்பதே இல்லை. இராணுவம், விசேட அதிரடிப்படை, இந்தியப் படை, நம் இயக்கங்கள், எல்லாரும் போட்டார்கள். இரும்புத் தலைக்கவசமும் அப்படித்தான், கைப்பற்றிய கவசத்தோடு படம் எடுத்தவர்கள் எத்தனையோ பேர்.

தாத்தா காலத்துப் படங்கள் வேறு. இடது விளிம்பை மேலே மடித்துக் குத்திய தொப்பி என்றால் அவுஸ்திரேலியர் ஞாபகம் வரும். 1942 இல் அவர்களின் இரண்டு பிரிகேட்டுகள் சில மாதம் இலங்கையில் இருந்தன. இலங்கைத் தோட்டத்துரைமார் படையும் அகன்ற விளிம்புத் தொப்பி அணிந்ததால் அவசரப்படக்கூடாது. கெட்டியான வெள்ளை, காக்கித் 'தொப்பி' போட்டவரெல்லாம் படையாளும் அல்ல. 1949 இல் கல்லோயா அபிவிருத்திச் சபை வந்தபின் நில அளவையாளரும் ஓவசியரும் அதைப் போட்டுத்தான் கொலனிகளுக்குள் திரிந்தார்கள். ஸ்ரூடியோவில் இரவல் தொப்பி கொடுத்தும் படம் எடுத்தார்கள்.

தொப்பி காலத்தைச் சொல்லும், சிலவேளை படையைச் சொல்லும். பிடித்துக்கொண்டு போனது யார் என்று சொல்லாது. பக்கத்தில் நின்ற சிப்பாயே கொண்டுபோனவன் என்று எழுதினால், விசாரணையில் முதலில் உடைவது அந்த வரிதான். அதோடு, 1989 இல் தமிழ்த் தேசிய இராணுவத்துக்கென்று கட்டாயமாகப் பிடிக்கப்பட்ட பிள்ளைகளும் சீருடையில் நிற்கிறார்கள். அந்தப் படத்தைப் பார்த்து 'இவன் விரும்பிப் போனவன்' என்று ஊர் பேசுவது அநியாயம்.

2016 இன் 14 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வந்த காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகத்துக்கோ சட்டத்தரணிக்கோ கொடுப்பதானால் பிரதியைக் கொடுங்கள், மூலப்படம் வீட்டில் இருக்கட்டும். ஓரத்தை வெட்ட வேண்டாம், பேனையால் வட்டம் போட வேண்டாம். பின்பக்கத்தையும் ஸ்கான் எடுங்கள்: ஸ்ரூடியோ முத்திரையும் பென்சிலில் எழுதிய திகதியும் அங்கேதான் இருக்கும். தனித் தாளில் கண்ணுக்குத் தெரிவதை மட்டும் எழுதுங்கள்: "தலைப்பாகை கட்டிய சிப்பாய் ஒருவர், வலது பக்கம் என் மகன், பின்னால் கிட்டங்கிப் பாதை."