பரு ஜெல் பூசியதும் பரு கூடுவது ஏன்?

மருத்துவர் எழுதித் தந்த அடாபலீன் ஜெல்லை நம்பிக்கையோடு பூசத் தொடங்குகிறோம். இரண்டாவது வாரத்தில் முகம் சிவந்து, தோல் உரிந்து, பருவும் கூடியதுபோல் தெரிகிறது. "நமக்கு ஒத்துக்கொள்ளவில்லை" என்று பலர் டியூபைத் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். ஏன் இப்படி ஆகிறது?

பரு வெளியே தெரிவதற்குப் பல வாரங்கள் முன்பே உள்ளே உருவாகத் தொடங்கிவிடுகிறது. மயிர்க்காலின் வாயில் உதிரவேண்டிய செல்கள் ஒன்றோடொன்று ஒட்டி அடைத்துக்கொள்கின்றன. எண்ணெய்ப் பசை உள்ளேயே தேங்குகிறது. அதில் பாக்டீரியா பெருகி, வீக்கம் உண்டாகிறது.

அடாபலீன், வைட்டமின் ஏ போலச் செயல்படும் ரெட்டினாய்டு வகை மருந்து. செல்லின் உட்கருவில் உள்ள ஏற்பிகளோடு இணைந்து, செல்கள் ஒட்டாமல் ஒழுங்காக உதிரச் செய்கிறது, வீக்கத்தையும் தணிக்கிறது. உள்ளே இருந்த அடைப்புகள் வெளிவருவதால் தொடக்கத்தில் பரு கூடியதுபோல் தோன்றலாம். நல்ல பலன் தெரிய 8 முதல் 12 வாரங்கள் ஆகும்.

எப்படிப் பூசுவது? இரவில் முகம் கழுவி, ஈரம் நன்றாக உலர்ந்தபின், பட்டாணி அளவு ஜெல்லைப் பரு வரும் பகுதி முழுவதும் மெல்லிதாகப் பரப்புங்கள். பருவின் மேல் மட்டும் வைத்தால் அடுத்து வரவிருப்பதைத் தடுக்க முடியாது. கண்ணோரம், உதடு, மூக்கின் மடிப்புகளில் படக்கூடாது. எரிச்சல் இருந்தால் ஒருநாள் விட்டு ஒருநாள் பூசலாம், மாய்ஸ்சரைசரும் உதவும். பகலில் சன்ஸ்கிரீன் அவசியம்.

கர்ப்பிணிகளும் கருத்தரிக்கத் திட்டமிடுவோரும் இதைத் தவிர்க்க வேண்டும். கடும் எரிச்சலோ முகவீக்கமோ வந்தால் நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். மற்றபடி, மூன்று மாதமாவது பொறுமையாகப் பூசுங்கள்.