குச்சியில் நிற்கும் மாவு

சாசேஜைக் குச்சியில் செருகி, மக்காச்சோள மாவில் தோய்த்து எண்ணெயில் பொரித்தெடுப்பது கார்ன் டாக். டெக்சாஸ் மாநிலக் கண்காட்சியில் ஃப்ளெட்சர் சகோதரர்கள் இதை விற்கத் தொடங்கியது 1938க்கும் 1942க்கும் இடையில். இல்லினாய் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டில் எட் வால்ட்மையர் ‘கோசி டாக்’ விற்பனையைத் தொடங்கியது 1946இல். யார் முதலில் செய்தார்கள் என்ற வழக்கு இன்னும் ஓயவில்லை. அதைவிட, ஊருக்கு ஊர் இதன் மேலுறை ஏன் மாறுகிறது என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது. அதை வெறும் ருசி பேதம் என்று ஒதுக்கிவிட முடியாது. ஈரம் கசியும் வழுவழுப்பான உருளையின்மேல் மாவை எப்படி நிற்கவைப்பது என்ற ஒரே கேள்விக்கு ஒவ்வொரு சமையலறையும் கண்ட விடை அது.

மக்காச்சோளத்தில் கோதுமையின் குளூட்டன் இல்லை. அதனால் அந்த மாவை எவ்வளவு கரைத்தாலும் இழுவை வராது, சாசேஜிலிருந்து வழிந்துவிடும். டெக்சாஸ் பாணியில் பாதிக்குப் பாதி மைதாவும் ஒரு முட்டையும் சேர்வது இதனால்தான். சாசேஜின் ஈரத்தைத் துடைத்து, உலர்ந்த மாவில் புரட்டிய பிறகே தோய்க்க வேண்டும். இல்லையென்றால் இடையில் சிக்கிய நீர் ஆவியாகி உறையைப் பெயர்த்துவிடும். 175 டிகிரி செல்சியஸ் எண்ணெயில் இறங்கியதும் ஸ்டார்ச்சும் முட்டைப் புரதமும் சில நொடிகளில் இறுகுகின்றன. உள்ளே பேக்கிங் பவுடரின் கரியமில வாயு மாவை உப்பவைக்கிறது. சாசேஜ் முன்பே வெந்தது என்பதால் அது சூடேறினால் போதும். மூன்று நான்கு நிமிடங்களில் வேலை முடிந்துவிடும். கடையில் கிடைக்கும் வெள்ளை கார்ன் ஃப்ளோர் இதற்கு உதவாது. அது வெறும் ஸ்டார்ச். தேவை, சற்றுக் கொரகொரப்பாக அரைத்த மஞ்சள் மாவு.

கொரியாவைப் பாருங்கள். அங்கே குச்சியில் பெரும்பாலும் மொசரெல்லா சீஸும் சேர்கிறது. உருகி ஓடும் சீஸை மக்காச்சோள உறை தாங்குவது கடினம். எனவே ஈஸ்ட் போட்டுப் புளிக்கவைத்த, ரப்பர்போல இழுபடும் கோதுமை மாவைச் சுற்றுகிறார்கள். அதன் பிசுபிசுப்பில் ரொட்டித் தூளும் உருளைக்கிழங்குத் துண்டுகளும் ஒட்டிக்கொள்கின்றன. பொரித்த பிறகு சர்க்கரையைத் தூவுவதும் காரணத்தோடுதான்: மாவில் அதிகம் கலந்தால் உள்ளே வேகுமுன் வெளியே கருகும். ஜப்பானின் ‘அமெரிக்கன் டாக்’ பான்கேக் போன்ற மிருதுவான கோதுமை உறை கொண்டது. அர்ஜென்டினாவின் பஞ்சுக்கரில் வாஃபிள் அச்சே மாவைப் பிடித்துக்கொள்கிறது. அங்கே இழுவைச் சிக்கலே எழுவதில்லை.

கையில் கிடைத்த தானியத்தைப் பயன்படுத்தினார்கள், இதில் விஞ்ஞானம் எங்கே என்று கேட்கலாம். தானியத்தைத் தேர்ந்தது ஊர் வழக்கம்தான், மறுக்கவில்லை. அமெரிக்கத் தென்மாநிலங்கள் மக்காச்சோள ரொட்டியில் வளர்ந்தவை. ஆனால் தேர்ந்த தானியத்தோடு எதைச் சேர்ப்பது என்பதை வழக்கம் முடிவு செய்யவில்லை, குளூட்டன் முடிவு செய்தது. எண்ணெய் வேண்டாம், ஓவனில் சுடலாமே என்பது அடுத்த கேள்வி. காற்று வெப்பத்தை எண்ணெயைவிட மிக மெதுவாகவே கடத்துகிறது. உறை இறுகும் முன்பே கரைத்த மாவு வழிந்து தட்டில் தேங்கும். உருட்டிச் சுற்றும் ஈஸ்ட் மாவை மட்டும் ஓவனில் சுடலாம். மேலும், பொரியும்போது வெளியேறும் நீராவி எண்ணெயை உள்ளே விடுவதில்லை. பெரும்பகுதி எண்ணெய் உறிஞ்சப்படுவது வெளியே எடுத்து ஆறும்போதுதான். எடுத்தவுடன் வடியவிட்டால் கணிசமாகக் குறையும்.

இறைச்சி பற்றிய கவலை நியாயமானது. பதப்படுத்திய இறைச்சியைப் புற்றுநோய் உண்டாக்குவது என உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு முகமை 2015இல் வகைப்படுத்தியது. இதை அன்றாட உணவாக்க வேண்டாம். சாசேஜ் வேண்டாதவர்கள் பனீரைச் செருகலாம். அமிலத்தால் திரித்த பால் என்பதால் அது எண்ணெயில் உருகாது; டெக்சாஸின் மக்காச்சோள உறையே அதற்குப் போதும்.