பீரங்கியை விட்டு விமானம் ஏறியவர்கள்

அவசரகாலத்தைக் கண்ட பெரியவர்கள் உங்கள் குடும்பத்தில் இருந்தால் ஒன்று கேட்டுப் பாருங்கள். 1948 முதல் 1960 வரை நீடித்த அந்தக் காலத்தில், பால்மரக் காட்டுக்கு மேலே தாழப் பறந்து சுற்றிய சிறு விமானம் அவர்களுக்கு நினைவிருக்கலாம். அதன் பெயர் ஆஸ்டர். அதை ஓட்டியவர்கள் விமானப்படையினர் என்றுதான் பலரும் நினைப்பார்கள். ஆனால் அவர்கள் தரைப்படைக்காரர்கள். அவர்களில் பலர், பீரங்கி சுடும் வேலைக்குச் சேர்ந்து, பிறகு விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டவர்கள்!

இந்த மாற்றம் ஏன் வந்தது தெரியுமா? மலைக்கு அப்பால் விழும் பீரங்கிக் குண்டு எங்கே விழுந்தது என்று தரையில் நிற்பவருக்குத் தெரியாது. மேலிருந்து ஒருவர் பார்த்துச் சொல்ல வேண்டும். விமானிக்குப் பீரங்கி வேலையைக் கற்பிப்பதா, பீரங்கிக்காரருக்குப் பறக்கக் கற்பிப்பதா? இரண்டாவதே சரி என்று 1930-களில் வாதாடியவர் பேஸ்லி என்ற பிரிட்டிஷ் பீரங்கிப்படை அதிகாரி. அதன் பலனாக 1941-ல் இத்தகைய முதல் படைப்பிரிவு அமைந்தது. 1942-ன் கடைசி நாளில் உருவான 656-ஆம் பிரிவு, பர்மாப் போரில் பணிபுரிந்து 1945-ல் மலாயா வந்தது. பிறகு அவசரகாலத்தில் நம் காடுகளுக்கு மேல் பறந்ததும் இதே பிரிவுதான்.

வேலை மாறுவது எளிதாக இருக்கவில்லை. உடல் நலமும் கண்பார்வையும் சோதிக்கப்பட்டன. படையில் பல வருடம் இருந்தவரும் மீண்டும் மாணவனாக உட்கார்ந்து காற்றின் போக்கு, வரைபடம், இயந்திரம் எல்லாவற்றையும் படிக்க வேண்டும். தேறாதவர் பழைய வேலைக்கே திரும்ப வேண்டியதுதான்.

தேறி வந்தவர்களுக்குப் பழைய அனுபவம் கைகொடுத்தது. தரைப்படை எப்படி நடக்கும், எங்கே தங்கும், எதைத் தேடும் என்பது அவர்களுக்குத் தெரியும். ஒரே வட்டாரத்தின் மேல் நாள்தோறும் பறந்ததால், நேற்று இல்லாத ஒற்றையடிப் பாதையும், மரங்களுக்கிடையே எழும் மெல்லிய புகையும், காட்டு நடுவே புதிதாகப் போட்ட காய்கறித் தோட்டமும் அவர்கள் கண்ணில் பட்டன. அந்தச் செய்தியை வைத்தே தரையில் படை நகர்ந்தது. ஆபத்தும் கூடவே இருந்தது. ஒற்றை இயந்திரம் நின்றுபோனால், அடர்ந்த காட்டில் இறங்க இடமேது?

அந்தக் காலம் நம்மவர்களுக்கும் சோதனையாகவே இருந்தது. தோட்டத் தொழிலாளர்களை ஓரிடத்தில் சேர்த்து லயங்களைச் சுற்றிக் கம்பி வேலி போட்டார்கள். அரிசிக்குக் கட்டுப்பாடு வந்தது. காட்டில் ஒளிந்திருந்தவர்களுக்கு உணவு போகாமல் தடுக்கவே இவ்வளவும். மேலே விமானம் காய்கறிப் பாத்தியைத் தேடியதும், கீழே வாசலில் சோற்றுப் பொட்டலத்தைச் சோதித்ததும் ஒரே காரணத்துக்காகத்தான்.

1957-ல் பிரிட்டிஷ் தரைப்படைக்கென்று தனி விமானப் பிரிவு உருவானது. இன்றும் அங்கே வேறு படைப்பிரிவில் சேர்ந்த ஒருவர், கார்ப்பரல் நிலையில் இருந்தாலும், விமானிப் பயிற்சிக்கு விண்ணப்பிக்கலாம். ஆஸ்டர் ஓட்டிய அதே 656-ஆம் பிரிவு பின்னாளில் அப்பாச்சி என்ற போர் ஹெலிகாப்டரை ஓட்டத் தொடங்கியது. மலேசியத் தரைப்படைக்கும் சொந்த விமானப் பிரிவு உண்டு. தோட்டங்கள் சூழ்ந்த ஜொகூர் குளுவாங்கில் அதன் ஹெலிகாப்டர்களைப் பார்க்கலாம்.

பெற்றோர்களே, உங்கள் பிள்ளை படையிலோ வேறு வேலையிலோ சேர்ந்து, "நான் நினைத்த வேலை கிடைக்கவில்லையே" என்று சோர்ந்தால், இந்தப் பீரங்கிக்காரர்களைப் பற்றிச் சொல்லுங்கள். முதலில் கிடைத்த வேலையோடு வாழ்க்கை முடிந்துவிடுவதில்லை. அந்த வேலையை ஒழுங்காகக் கற்றவனுக்கு அதுவே அடுத்த வேலைக்கு ஏணியாகலாம். ஆனால் ஏணி இருந்தால் மட்டும் போதாது. கணக்கையும் அறிவியலையும் மறக்காமல் இருக்க வேண்டும். தன்னைவிட இளையவரிடம் மாணவனாக உட்காரவும் கூச்சப்படக் கூடாது. தேறாமல் திரும்பினாலும் அது அவமானமில்லை. கற்ற தொழில் கையில் இருக்கிறதல்லவா?