படத்தின் பக்கத்தில் ஒரு சொல்

சென்ற ஆண்டு என் தங்கை ஒரு கல்வி உதவித்தொகைக்கு இணையதளத்தின் வழியே விண்ணப்பித்தாள். எல்லாக் கட்டங்களையும் நிரப்பி, மூலையில் இருந்த சதுரப் படத்தை அழுத்திவிட்டு, “அனுப்பிவிட்டேன், அண்ணா” என்று ஊரிலிருந்து தில்லிக்குத் தொலைபேசியில் மகிழ்ச்சியோடு சொன்னாள். கெடு கழிந்த பிறகே உண்மை தெரிந்தது. அவள் அழுத்தியது சேமிக்கும் பொத்தான். அனுப்பும் பொத்தானோ அதற்கடுத்து ஓர் அம்புக்குறியாக நின்றது. இரண்டின் கீழும் ஒரு சொல்கூட இல்லை.

அச்சதுரம் பிளாப்பி வட்டின் படம். பழைய கணினிகளில் எழுதியதைப் பதிந்து வைக்கப் பயன்பட்டது அது. சோனி நிறுவனம் ஜப்பானில் அதன் விற்பனையை 2011-இல் நிறுத்திவிட்டது. பொருள் போயிற்று, படம் மட்டும் நிற்கிறது. பதினெட்டு வயதுப் பெண் அதை எங்கே கண்டிருப்பாள்? நானே ஆய்வுக்கூட அலமாரியில் ஒருமுறை கண்டதுதான்!

படக்குறிகள் தோன்றியபோது நிலைமை வேறு. 1981-இல் ஜெராக்ஸ் நிறுவனம் (ஆம், நம் தெருமுனை நகல் கடைக்குப் பெயர் தந்த அதே நிறுவனந்தான்) ‘ஸ்டார்’ என்னும் கணினியை வெளியிட்டது. அலுவலகத்தார் நாள்தோறும் கையாண்ட காகிதமும் கோப்புறையும் திரையில் படங்களாயின. படத்தோடு பெயரும் இருந்தது. இன்று தளந்தோறும் காணும் மூன்று கோட்டுக் குறியும் அக்கணினியில் பிறந்ததே. அது எப்பொருளின் படமும் அன்று. சொல்லித் தந்தாலன்றி விளங்காது.

‘எழுத்தறியாதார்க்குப் படமன்றோ துணை?’ என்பீர்கள். நம் தேர்தலையே பாருங்கள். 1951-52 முதற் பொதுத் தேர்தலில் வேட்பாளர்தோறும் தனிப்பெட்டி, அதன்மேல் சின்னம். பின்னர் வந்த வாக்குச் சீட்டிலும் இன்றைய இயந்திரத்திலும் சின்னத்தின் அருகே பெயர் உண்டு. அன்றியும், சின்னம் யாருடையது என்பதை மேடைகளும் சுவர்களும் முன்னதாகவே கற்பித்துவிடுகின்றன. இணையதளத்துப் படத்துக்கு யார் பிரசாரம் செய்தார்?

பார்வையற்ற நண்பர்களின் இடர் இன்னும் பெரிது. திரையைப் படித்துக் காட்டும் மென்பொருள், பெயரிடாத படத்தின்மேல் வந்ததும் ‘பொத்தான்’ என்று மட்டும் சொல்லி நின்றுவிடும். என்ன பொத்தான்? படத்துக்கு மாற்றாக எழுத்து வேண்டுமென்று உலகளாவிய வலைக் கூட்டமைப்பு 1999-இலேயே நெறி வகுத்துள்ளது, பின்பற்றுவோர் குறைவு.

இவ்வாண்டு நம் சங்கத்தின் தளத்தை அமைக்கும் பணி எனக்கு வந்தது. படங்களை நீக்கவில்லை, பக்கத்தில் தமிழில் பெயர் எழுதினேன். கைப்பேசித் திரையில் இடம் போதாது என்றார் ஒரு நண்பர். ‘சேமி’ இரண்டே எழுத்து, ‘அனுப்பு’ நான்கு. இடம் போதிற்று.