நீரிற் பச்சைப் பாசி: அதனைத் தடுக்கும் வழிகள்

மலைநாட்டில் மரக்கறி பயிரிடும் கமக்காரர் பலர், தம் நிலத்தின் கீழுள்ள குட்டையும் நீர்த்தொட்டியும் வெயிற்காலத்திற் பச்சை நிறங் கொள்வதைக் கண்டிருப்பர். தொட்டியைத் தேய்த்துக் கழுவினாலும் சின்னாட்களில் மீண்டும் பச்சை படர்கின்றது. இதற்குக் காரணம் தொட்டியிலன்று. பெரும்பாலும் அதற்கு மேலுள்ள பாத்திகளிலேயே இருக்கின்றது. நாம் பணங்கொடுத்து வாங்கிய பசளையே நீரிற் பச்சையாகத் தோன்றுகின்றது.

பாசி வளர்வது எவ்வாறு?

பயிர்களைப் போலவே பாசிக்கும் வெயிலொளி, நைதரசன், பொசுபரசு ஆகியன வேண்டும். தூய மலை ஓடைகளிற் பொசுபரசு மிகக் குறைவு. ஆதலாற் பாசி அடங்கிக் கிடக்கின்றது. அக்குறை நீங்கியதும் அது விரைந்து பெருகுகின்றது. ஒரு கிலோ பொசுபரசு ஏறக்குறைய 100 கிலோ உலர்ந்த பாசி உண்டாகப் போதுமானது. 50 கிலோ நிறையுள்ள மும்மைச் சுப்பர் பொசுபேற்று மூடை ஒன்றிற் சுமார் 10 கிலோ பொசுபரசு உண்டு. அம்மூடையிற் பத்திலொரு பங்கு மழையில் அடிபட்டுப் போனாற் கீழேயுள்ள குளத்தில் எவ்வளவு பாசி விளையுமென்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

இதனைக் கமக்காரர் தாமே சோதித்தறியலாம். இரண்டு கண்ணாடிப் போத்தல்களில் ஒரே குட்டையின் நீரை நிரப்புக. ஒன்றில் மட்டும் ஒரு சிட்டிகை பசளையை இட்டு, இரண்டையும் வெயில் படும் இடத்தில் வைத்திடுக. சில வாரங்களிற் பசளையிட்ட நீர் மற்றையதிலும் மிகுந்த பச்சையாகும். கண்ணாடித் தொட்டியில் மீன் வளர்ப்போர் அளவுக்கு மிஞ்சி இரையிடுங்காற் கண்ணாடியிற் பச்சை படிவதும் இக்காரணத்தாலேயாம்.

நம் நீர்நிலைகளுக்கு நேர்வது

நுவரெலியாவிலுள்ள கிரகரி வாவி, வில்லியம் கிரகரி தேசாதிபதியின் காலத்தில், 1873இல் அமைக்கப்பட்டது. சுற்றியுள்ள நகரின் கழிவும் மரக்கறி நிலங்களின் மண்ணும் பசளையும் மழைநீரோடு அதனை அடைகின்றன. நானு ஓயா கொத்மலை ஓயாவுடன் கலக்கின்றது. அவ்வோயாவின் நீர் 1985இல் திறக்கப்பட்ட கொத்மலை நீர்த்தேக்கத்திற் சேர்கின்றது. அந்நீர்த்தேக்கத்தில் 1991இல் நீலப்பச்சைப் பாசி பெருகி நீரின்மேற் படர்ந்தது.

நீலப்பச்சைப் பாசியிற் சில இனங்கள் ஈரலைத் தாக்கும் நஞ்சை உண்டாக்குவன. நீரைக் கொதிக்க வைத்தாலும் அந்நஞ்சு அகலாது. ஆகவே, பச்சை வர்ணம் பூசினாற்போல் ஆடை படர்ந்த நீரை மனிதர் குடித்தலும், மாடுகளுக்குக் காட்டுதலும் கூடா. நம் நிலத்து நீரே கீழேயுள்ள லயத்தாரின் பீலியிலும் கிணற்றிலும் சேரக்கூடும் என்பதை மறத்தலாகாது.

மயில்துத்தம் இடலாமா?

மயில்துத்தம் பாசியைக் கொல்லும் என்பது உண்மையே. ஆயினும் இறந்த பாசி அழுகுங்கால் நீரிலுள்ள ஒட்சிசன் குறைந்து மீன்கள் மடியும்; பாசியினுள் அடங்கியிருந்த நஞ்சு நீரிற் கலக்கும்; செம்பு சேற்றிற் படிந்து நிற்கும். பசளை வந்துகொண்டிருக்கும் வரை பாசியும் திரும்ப வரும். எனவே, நோயின் வேரை நிலத்திலேயே களைதல் நன்று.

கமக்காரர் செய்ய வேண்டியவை

1. மண்ணைச் சோதித்த பின்னரே பசளையிடுக. பல்லாண்டுகளாகப் பசளையும் கோழி எருவும் இடப்பட்ட மலைநாட்டு மரக்கறி நிலங்கள் பலவற்றிற் பொசுபரசு மிகுந்து தேங்கியுள்ளது. அத்தகைய நிலத்திற்கு மேலும் இடுவது வீண் செலவு. 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதி தடுக்கப்பட்ட காலத்தில் ஒரு மூடைக்கு அலைந்தவர்கள் அதன் அருமையை நன்கறிவர்.

2. கோழி எருவையும் பசளையாகக் கணக்கிடுக. எருவிட்டால் பொசுபேற்றின் அளவை அதற்கேற்பக் குறைத்தல் வேண்டும்.

3. பெருமழைக்கு முன் பசளையிடாதீர். நைதரசனைப் பகுதி பகுதியாக இட்டு மண்ணால் மூடுக.

4. பொசுபரசு பெரும்பாலும் மண் துகள்களோடு ஒட்டியே பயணஞ் செய்யும். ஆகவே மண்ணைக் காப்பது பாசியைத் தடுப்பதுமாகும். உருளைக்கிழங்கு, லீக்ஸ், கரட் ஆகியவற்றின் பாத்திகளைச் சரிவுக்குக் குறுக்கே அமைத்து, சமவுயரக் கான்களை வெட்டி, அவற்றிற் சேரும் மண்ணை அள்ளி மீண்டும் பாத்தியில் இடுக.

5. ஓடைக் கரையிற் சில அடி அகலத்திற்குப் பயிரிடாது புல் வளரவிடுக. எருக்குவியலைக் கரையிலிருந்து விலக்கி வைத்து மூடுக.

6. நீர்த்தொட்டிகளுக்கு ஒளி புகாத மூடி இடுக. ஒளியின்றிப் பாசி வளராது.

நெல் வயலில்

நெல் வயலிலும் நீரின்மேற் பசளையைத் தூவினாற் பாசி தடித்த ஆடைபோற் படர்ந்து இளநாற்றுக்களை அமுக்கும். அடிப்பசளையைக் கடைசி உழவிற் சேற்றோடு கலந்திடுக. பாசி மிகுந்தால் நீரை வடித்துச் சில நாள் வயலைக் காயவிடுக. வயலிற் சிறிதளவு நீலப்பச்சைப் பாசி காணப்படின் அஞ்ச வேண்டியதில்லை. அவற்றுட் பல காற்றிலுள்ள நைதரசனைப் பிடித்து நெல்லுக்கு உதவுவன.

மேலும் விளக்கம் வேண்டுவோர் தம் பகுதி விவசாயப் போதனாசிரியரை அணுகி, மண் மாதிரி எடுக்கும் முறையைக் கேட்டறிக. பசளை பயிருக்கே சேருமாறு செய்தால் செலவு குறையும். நீரும் தெளிவாக ஓடும்.